"நாவலூர்ல எங்க?" – பெயர், எல்லை, நிலம் பற்றிச் சில குறிப்புகள்

"எந்த ஊருப்பா?"

"நாவலூர்."

"நாவலூர்ல எங்க?"

முதல் கேள்வி ஊரைக் கேட்கிறது. இரண்டாவது கேள்வி சாதியைக் கேட்கிறது. செங்கல்பட்டுப் பக்கம் பஸ்ஸிலோ டீக்கடையிலோ கல்யாண வீட்டிலோ இந்த இரண்டாவது கேள்வி இல்லாமல் ஓர் அறிமுகமும் முடிவதில்லை. "ஊருக்குள்ளயா, காலனியா?" என்று நேராகக் கேட்கிறவன் கொஞ்சம் யோக்கியன். "கோயில் பக்கமா, ரோட்டுக்கு அந்தாண்டயா?" என்று சுற்றிவளைத்து வருகிறவன்தான் அதிகம். பதில் தெரிந்தவுடன் அவன் முகத்தில் ஒரு சின்ன மாற்றம் வரும். அதைப் பார்த்துப் பார்த்தே நமக்கு வயசாகிவிட்டது.

இந்தக் கேள்விக்கு இனி வேலையில்லை என்கிறது அரசு. 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். அந்த ஆண்டு அக்டோபரில், தெருக்கள், குடியிருப்புகள், நீர்நிலைகளின் பெயர்களில் இருக்கும் சாதி அடையாளங்களை நீக்க அரசாணை வந்தது. மாற்றாகப் பூக்களின் பெயர்களையும் புலவர்கள், தலைவர்களின் பெயர்களையும் வைக்கலாம் என்று யோசனை சொல்லப்பட்டது.

நம் தோழர்கள் இதில் இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். "அந்தச் சொல்லு ஒழிஞ்சாலே பாதி அவமானம் ஒழிஞ்சது" என்பது ஒரு பக்கம். "பலகையில பேரு போனா மனசுல இருக்கிற சாதி போயிடுமா?" என்பது இன்னொரு பக்கம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. ஓர் இடத்துக்குப் பெயர் வைக்கும் அதிகாரம் யாருடையது? அந்த இடத்தின் தரை யாருடையது? இவ்விரண்டையும் பிரித்துப் பேச முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இரண்டு சேரிகள்

நாவலூரின் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். வடக்கே செம்மஞ்சேரி. தெற்கே சிறுசேரி. இரண்டு பெயரிலும் சேரி இருக்கிறது. இரண்டும் ஒரே சாலையை ஒட்டியவை. அந்தச் சாலை பழைய மகாபலிபுரம் சாலையாக இருந்தது, பிறகு ராஜீவ் காந்தி சாலை ஆனது, ஆனாலும் எல்லோர் வாயிலும் 'ஓ.எம்.ஆர்.' என்றே நிற்கிறது.

சிறுசேரி என்றால் சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா. "சிறுசேரியில வேலை" என்று பிள்ளை சொன்னால் பெண் வீட்டார் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அந்தப் பெயரில் இருக்கும் சேரி யார் காதையும் உறுத்துவதில்லை. வேளச்சேரியில் மனை வாங்குகிறவருக்கும் உறுத்துவதில்லை. புதுச்சேரியோ ஓர் ஆட்சிப் பகுதியின் பெயராகவே இருக்கிறது.

செம்மஞ்சேரி என்றால் வேறு. சென்னை நகரத்தின் ஆற்றோரங்களிலிருந்தும் கடலோரங்களிலிருந்தும் பெயர்க்கப்பட்ட ஏழை மக்களை, பெரும்பாலும் தலித்துகளை, 2004 சுனாமிக்குப் பின் வந்த ஆண்டுகளில் குடிசை மாற்று வாரியம் கொண்டுவந்து அடுக்கிய இடம் அது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். அந்த வீடுகளிலிருந்துதான் பெண்கள் காலையில் கிளம்பி, சிறுசேரி வரைக்கும் உள்ள கண்ணாடிக் கட்டடங்களின் தரையைத் துடைக்கப் போகிறார்கள். அந்த முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது, கடன் கிடைக்காது என்று உறவினர் முகவரியை எழுதிக் கொடுக்கும் பிள்ளைகளைப் பற்றி நாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். 2021-இல் வாரியத்தின் பெயரையே 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று மாற்றினார்கள். குடிசை என்ற சொல் போனது. செம்மஞ்சேரிப் பையனின் முகவரி அப்படியேதான் இருக்கிறது.

ஆக, சொல்லில் தீட்டு இல்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குடவோலைமுறை என்று பாடப்புத்தகத்திலிருந்து பாராளுமன்றம் வரைக்கும் பெருமை பேசப்படும் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் அவை. ஆண்டு 919, 921. அந்தப் பிராமணக் குடியிருப்பு 12 சேரிகளாகவும் 30 குடும்புகளாகவும் பிரிக்கப்பட்டிருந்தது. பார்ப்பனர் இருந்த பகுதியின் பெயர் சேரி! இதற்கு நூறு ஆண்டு கழித்து, முதலாம் ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டில், வரி விலக்கப்பட்ட நிலங்களின் வரிசையில் 'பறைச்சேரி' வருகிறது, 'தீண்டாச்சேரி' வருகிறது. பிறகு மற்றவர்கள் எல்லாம் தெரு, அக்ரகாரம், நகர், புரம் என்று நகர்ந்துகொண்டார்கள். சேரி நம்மிடம் மட்டும் விடப்பட்டது. அப்புறம் அது கெட்ட சொல் ஆனது. 'காலனி'யின் கதையும் இதுதான். ரயில்வே காலனி, பேங்க் காலனி என்றால் யாருக்கும் கூச்சமில்லை. வெறும் 'காலனி' என்றால் மட்டும் அது நாம்.

நாளைக்கு அதே இடத்துக்கு 'மல்லிகை நகர்' என்று பெயர் வைத்தால் என்ன ஆகும்? பத்தே வருஷத்தில் "மல்லிகை நகர் ஆளா நீ?" என்பது வசவாகும். பாவம், மல்லிகை என்ன செய்யும்?

வடதுருவத்தில் ஒரு 'சாமி'

நம் சண்டை நமக்கு மட்டுமான சண்டை அல்ல. உலகத்தின் வடகோடியில், ஆறு மாதம் பனி மூடிக் கிடக்கும் நிலத்தில், இதே சண்டை நூறு ஆண்டுக்கு மேலாக நடந்திருக்கிறது. அங்கு பெயரும் நிலமும் எப்படி ஒன்றாகப் பேசப்பட்டன என்பதைத் தெரிந்துகொள்வது நமக்கு உதவும்.

நார்வே, சுவீடன், பின்லாந்து, ருஷ்யா ஆகிய நான்கு நாடுகளின் வடபகுதியில் பரவிக் கிடக்கும் ஒரே நிலம் அது. பள்ளிக்கூட அட்லஸில் அதை 'லாப்லாந்து' என்று படித்தோம். அங்குள்ள பூர்வகுடிகளை 'லாப்புகள்' என்று படித்தோம். அவர்கள் தங்களை அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. 'லாப்' அடுத்தவன் வைத்த பெயர். அது எதிலிருந்து வந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் சுவீடிஷ், நார்வேஜிய மொழிகளில் 'லாப்' என்றால் ஒட்டுத்துணி என்றும் பொருள். கேட்பவன் காதில் அதுதான் விழும். அவர்கள் தங்களைச் 'சாமி' என்கிறார்கள். தங்கள் நிலத்தைச் 'சாப்மி' என்கிறார்கள்.

இதைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. நம் பாட்டன்கள் தங்களை மிதித்தவனைத்தான் "சாமி", "ஆண்டே" என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கூப்பிட்டார்கள். அங்கே மிதிபட்டவர்களின் பெயரே சாமி!

1751-இல் டென்மார்க்-நார்வே அரசும் சுவீடனும் அந்த நிலத்தின் நடுவே எல்லைக்கோடு போட்டன. மான் கூட்டத்தோடு கோடு தாண்டிப் போய்வர சாமி மக்களுக்கு உரிமை உண்டு என்று அந்த ஒப்பந்தத்தின் இணைப்பிலேயே எழுதவேண்டியிருந்தது. ஏனென்றால் கோடு பிறகு வந்தது, மக்கள் முன்பே இருந்தார்கள். போகப் போக எல்லைகள் இறுகின. நார்வேயின் வடகோடி மாகாணத்துக்கு 'பின்மார்க்' என்று பெயர். 'பின்' என்பதும் பழைய நார்வேக்காரர்கள் சாமிகளுக்கு வைத்த பெயர்தான். அங்கே 1902-இல் ஒரு நிலச்சட்டம் வந்தது. நார்வேஜிய மொழியைப் பேசவும் படிக்கவும் எழுதவும் தெரிந்து, தினசரி புழங்குகிறவனுக்கே அரசு நிலம் விற்கப்படும் என்றார்கள். வாங்கிய நிலத்துக்கும் நார்வேஜியப் பெயர் வைக்கவேண்டும். கவனியுங்கள்: பெயரைப் பறிப்பதும் நிலத்தைப் பறிப்பதும் ஒரே ஏற்பாட்டில் வருகின்றன.

எதிர்ப்பும் அப்படியே வந்தது. எல்சா லவுலா ரென்பெர்க் என்ற சாமிப் பெண் முன்னின்று, 1917 பிப்ரவரி 6 அன்று நார்வேயின் ட்ரொண்ட்ஹெய்ம் நகரில் எல்லை தாண்டிய சாமி மாநாட்டைக் கூட்டினார். இன்று அந்த நாள்தான் சாமி மக்களின் தேசிய நாள். 1979-இல் ஆல்டா ஆற்றில் அணை கட்டுவதை எதிர்த்து ஆஸ்லோவில் பாராளுமன்றத்தின் முன் சாமி இளைஞர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அணையைத் தடுக்க முடியவில்லை. ஆனால் அந்தப் போராட்டத்தின் சூட்டில்தான் 1989-இல் நார்வேயில் சாமி நாடாளுமன்றம் திறக்கப்பட்டது. 1993-இல் சுவீடனிலும் 1996-இல் பின்லாந்திலும் தொடர்ந்தது. 1990-இல் நார்வேயின் இடப்பெயர்ச் சட்டம் சாமிப் பெயர்களுக்குப் பலகைகளிலும் வரைபடங்களிலும் இடம் தந்தது. 2005-இல் பின்மார்க் சட்டம் வந்தது. அரசின் கையிலிருந்த அம்மாகாண நிலத்தில் பெரும்பகுதி ஒரு பொது நிறுவனத்துக்கு மாற்றப்பட்டது. அதன் ஆறு உறுப்பினர்களில் மூவரைச் சாமி நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கிறது.

அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. சாமி மொழியில் எழுதிய ஊர்ப்பலகைகளைத் துப்பாக்கியால் சுட்டுப் பொத்தலாக்கியிருக்கிறார்கள். கம்பிக்கூண்டுக்குள் நிற்கும் அம்பேத்கர் சிலைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. போசென் பகுதியில் காற்றாலைகளுக்குத் தந்த அனுமதி சாமிகளின் உரிமையை மீறியது என்று 2021-இல் நார்வே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும் காற்றாலைகள் சுழன்றுகொண்டேதான் இருந்தன. பின்லாந்திலோ 'லாப்லாந்து' என்ற பெயர் இன்றும் சுற்றுலாவுக்கும் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கும் விலைபோகிறது. அடுத்தவன் வைத்த பெயர் சந்தைக்கு வசதியாக இருந்தால் அது சாகாது. நம் 'ஓ.எம்.ஆர்.' என்ற பெயரைப் போல.

வரைபடம் இல்லாத நாடு

ஒப்பீட்டுக்கு ஓர் அளவு உண்டு. சாமிகளுக்குத் தொடர்ச்சியான நிலம் இருக்கிறது, தனி மொழிகள் இருக்கின்றன. நமக்கு அப்படி ஒரு 'சாப்மி' இல்லை. நாம் ஊருக்கு ஊர் சிதறிக் கிடக்கிறோம். பேசுவதும் ஊர்க்காரன் பேசும் அதே மொழிதான்.

ஆனால் வேறு விதமாகப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் சேரி. ஆந்திரத்தில் மாலப்பள்ளி. கர்நாடகத்தில் ஹொலகேரி. மகாராஷ்டிரத்தில் மகார்வாடா. கடல் தாண்டினால் இலங்கை மலையகத்தில் லயன். ஒவ்வொரு ஊருக்கும் வெளியே, பெரும்பாலும் பள்ளத்தில், தண்ணீர் தேங்கும் பக்கத்தில், ஒரு துண்டு. இந்தத் துண்டுகளை எல்லாம் சேர்த்து ஒட்டினால் எத்தனை மாநில எல்லைகளைத் தாண்டி விரியும் ஒரு நாடு வரும்! எந்த அட்லஸிலும் அந்த நாடு இல்லை. அதற்குப் பெயரும் இல்லை. 1947-இல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையில் தீண்டப்படாதோருக்குத் தனிக் குடியிருப்புகள் வேண்டும் என்று அண்ணல் அம்பேத்கர் கேட்டதை இந்த இடத்தில் வைத்துப் படிக்கவேண்டும். ஊரின் எல்லையில் தொங்கிக்கொண்டிருக்கும்வரை சேரிக்குச் சொந்தப் பெயர் கிடைக்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இடத்துக்குப் பெயர் இல்லாவிட்டாலும் மக்களுக்குப் பெயர் வைத்துக்கொள்ளும் சண்டையை நம் முன்னோர் நடத்தியிருக்கிறார்கள். அதுவும் இந்தச் செங்கல்பட்டு மண்ணை ஒட்டியே. அயோத்திதாசப் பண்டிதர் 'பறையர்' என்ற பெயரே எதிரி வைத்தது என்று மறுத்து, 'பூர்வ பௌத்தர்', 'சாதிபேதமற்ற திராவிடர்' என்று எழுதினார். அவருடைய மைத்துனர், மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1893-இல் தொடங்கிய பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். எந்தப் பெயரால் அடித்தார்களோ அந்தப் பெயரோடு சபைக்கு வந்து நின்றார். எம்.சி.ராஜாவின் முயற்சியால் 1922-இல் 'ஆதி திராவிடர்' அரசுப் பெயரானது. மூவரும் மூன்று விதமாகப் பேசினார்கள். யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது இங்கு வேலையல்ல. மூவருக்கும் பொதுவான ஒன்று உண்டு: பெயரை நாம்தான் வைப்போம் என்றார்கள். 2025-இன் அரசாணையில் இல்லாதது இந்த 'நாம்'.

நம் பெயரை நாமே வைத்தால் ஊர் என்ன செய்யும் என்பதற்கு 1997 சாட்சி. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு மாவீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. தலித் ஒருவர் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று தென்மாவட்டங்களில் ஆதிக்க சாதியினர் கலவரம் செய்தார்கள். அரசு கண்ட தீர்வு என்ன? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர் பெயர்களை நீக்கிவிட்டது. நம்முடைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் அந்த ஆண்டுதான் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்து பெயர் மாறியது. நம் பெயர் ஒன்று பலகையில் ஏறியதும் பலகையையே துடைத்துவிட்டார்கள். அதற்குச் 'சமத்துவம்' என்று பெயர்.

தரை யாருடையது?

1891-இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் இம்மாவட்டப் பறையர் நிலைமை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அதில் அவர் காட்டிய கொடுமைகளில் ஒன்று இது: சேரியில் குடிசை போட்டிருக்கும் மண்கூட மிராசுதாருக்குச் சொந்தம். எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போகவேண்டும். தரையும் ஊரான் கையில், பெயரும் ஊரான் வாயில். அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் வந்த ஆணையால் கிடைத்தவைதான் பஞ்சமி நிலங்கள். மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லி வருகின்றன. தாழ்த்தப்பட்டோர் அல்லாதவருக்கு அதை விற்கக்கூடாது என்பது நிபந்தனை. இன்று அதில் எவ்வளவு நம் கையில் இருக்கிறது என்று எந்த ஊர்ப் பெரியவரையும் கேளுங்கள். கையை விரிப்பார்.

1994-இல் காரணை பஞ்சமி நிலத்துக்காக இந்த மாவட்டம் எழுந்தது. மீட்ட நிலத்தில் நட்ட அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டது. அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்ட மக்கள்மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் அங்கே விழுந்தார்கள். இவர்கள் பெயரில் இந்த மாவட்டத்தில் ஒரு சாலை வேண்டாமா? பூவின் பெயரை யோசிக்கிறவர்களுக்கு இந்த இரண்டு பெயர்கள் ஏன் நினைவுக்கு வருவதில்லை?

'பஞ்சமி' என்ற சொல்லை நினைத்தால் ஒரு பயமும் வருகிறது. 1980-களில் நில உடைமைப் பதிவுகளைச் சரிசெய்யும் திட்டம் நடந்தபோது, பல இடங்களில் பதிவேட்டில் இருந்த பஞ்சமிக் குறிப்பு விடுபட்டுப் போனது என்பது நம் இயக்கங்களின் நெடுநாள் குற்றச்சாட்டு. சொல் போனது, கூடவே நிலமும் போனது. ஓ.எம்.ஆர். ஓரத்தில் சென்ட் கணக்கில் லட்சங்கள் பேசப்படும் இந்தக் காலத்தில், 'காலனி' என்ற சொல்லை ஆவணத்தில் அடிக்கும்போது அதன் பக்கத்தில் எந்தச் சர்வே எண் இருக்கிறது, அது யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்காமல் கைதட்டுவது ஏமாளித்தனம். இழிவான பெயராக இருந்தாலும் சில சமயம் அது ஒரு சாட்சி. சாட்சியைக் கலைக்கும்முன் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ள வேண்டும்.

பனமரத்து மேடு

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நாவலூரை ஒட்டிய ஒரு காலனியில் வளர்ந்தவன் நான். பள்ளிக்கூடத்தில் உதவித்தொகைக் காலம் வந்தால் வாத்தியார் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். "காலனிப் பசங்கள்லாம் எழுந்திரிங்கடா" என்பார். எழுந்து நிற்போம். மற்றவர்கள் உட்கார்ந்தபடி பார்ப்பார்கள். அந்தச் சொல் அழியவேண்டும் என்பதில் என்னைவிட அவசரம் வேறு யாருக்கு இருக்கும்?

ஆனால் என் ஆயா ஒரு நாளும் 'காலனி' என்று சொன்னதில்லை. 'சேரி' என்றும் சொன்னதில்லை. "பனமரத்து மேட்டுக்கு வந்து சேரு" என்றுதான் சொல்லும். ஏரிக்கரையில் நின்ற பனைமரங்களை வைத்து நம் ஜனங்களே வைத்த பெயர் அது. ஊர்க்காரனுக்கு அது தெரியாது. ரெவின்யூ கணக்கிலும் இல்லை, வாக்காளர் பட்டியலிலும் இல்லை. 'சாப்மி' என்ற பெயரும் ஒரு காலத்தில் எந்த அட்லஸிலும் இல்லாமல், அந்த மக்களின் வாயில் மட்டுமே இருந்தது.

ஒவ்வொரு காலனிக்குள்ளும் இப்படி ஒரு பெயர் கிழவிகளின் வாயில் இருக்கிறது. மாணவத் தோழர்கள் போய்க் கேட்டு எழுதுங்கள். பெயரோடு நிலத்தின் கதையையும் கேளுங்கள்: எந்தக் கிணறு நம்முடையது, எந்தச் சுடுகாட்டுப் பாதை அடைபட்டது, எந்தப் புஞ்சை யார் காலத்தில் கைமாறியது? நம்மிலேயே அருந்ததியர் தெருவும் இருளர் குடிசைகளும் தனியே ஒதுங்கிக் கிடக்கின்றன. அவர்களிடம் போகும்போது, அவர்களுக்கு நாம் வைத்த பெயர்கள் என்னென்ன என்பதையும் கூச்சப்படாமல் எழுதுங்கள்.

அப்புறம் அரசிடம் நாம் கேட்கவேண்டியது இரண்டு. ஒன்று, காலனிக்குப் புதுப்பெயரைக் காலனி மக்களே கூடி முடிவு செய்யவேண்டும். ஊரார் பெரும்பான்மையாக உட்காரும் கிராமசபையில் கைதூக்கி வைக்கும் பெயர் மறுபடியும் ஊரான் வைத்த பெயர்தான். இரண்டு, பெயர் மாற்றும் அதே நாளில் அந்த இடத்தின் பட்டாக் கணக்கையும் பஞ்சமிக் கணக்கையும் மக்கள் முன்னால் படிக்கவேண்டும்.

பலகை எழுத பெயிண்டர் வரும்போது சர்வேயரும் சங்கிலியோடு கூட வரட்டும். அன்றைக்கு "நாவலூர்ல எங்க?" என்று எவன் கேட்டாலும், "பனமரத்து மேடு" என்று நானே சத்தமாகச் சொல்வேன்.